மணியை நிறுத்துவதா, காரணத்தை நீக்குவதா?

இன்றைய வாகனங்கள் மௌனமாக ஓடுவதில்லை. கதவு சரியாகச் சாத்தப்படாவிட்டால் ஒரு மணி ஒலிக்கிறது. திறப்பை எடுக்காமல் கதவைத் திறந்தால் ஒரு மணி, முன்விளக்கை அணைக்க மறந்தால் ஒரு மணி, எரிபொருள் குறைந்தால் இன்னுமொரு மணி. இவை யாவற்றிலும் விடாப்பிடியானது, ஆசனப்பட்டி அணியாதவரை நோக்கி ஒலிக்கும் மணியே. வீதிக்கு வீதி இறங்கி ஏறி வேலை செய்யும் ஒருவருக்கு, நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது தடவை கேட்கும் இந்த ஒலி பெருந் தொல்லையாகி விடுவதில் வியப்பில்லை.

கனடாவிலும் அமெரிக்காவிலும் வர்ணம் பூசுதல், தோட்டப் பராமரிப்பு, பனி அகற்றுதல், கூரைத் திருத்தம் ஆகிய தொழில்களில் ஈடுபட்டிருக்கும் எம்மவர் பலருக்குப் பிக்கப் வாகனமே தொழிற்சாலை, களஞ்சியம், சில வேளைகளில் உணவுச்சாலையும்கூட. இவர்களில் பலர் அந்த மணியின் வாயை அடைக்கும் வழியைத் தேடுகிறார்கள். வழிகள் இல்லாமலில்லை. ஆனால் ஒரு மணியை நிறுத்துமுன் அது எதற்காக வைக்கப்பட்டது என்பதையும், எமது வாகனத்தில் அது இப்போது எதனால் ஒலிக்கிறது என்பதையும் அறிந்துகொள்வது அவசியம். இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எட்டு விநாடிகளின் வரலாறு

இன்று நாம் அணியும் மூன்று முனை ஆசனப்பட்டியை வடிவமைத்தவர் சுவீடனைச் சேர்ந்த நில்ஸ் போலின் என்ற பொறியியலாளர். வோல்வோ நிறுவனம் 1959 ஆம் ஆண்டு அதனைத் தனது கார்களில் பொருத்தியது. பிற நிறுவனங்களும் பயன்படுத்தும் வகையில் அதன் காப்புரிமையைத் திறந்தும் விட்டது. பட்டி இருந்தது, ஆனால் அணிவார் இல்லை. எனவே அணியும்படி மனிதரை எவ்வாறு இணங்கவைப்பது என்ற கேள்வி அரசுகள் முன் எழுந்தது.

அமெரிக்க அரசு முதலில் ஒலியை நாடியது. 1972 ஜனவரி முதல், புதிய கார்களில் பட்டி அணியாதவரை எச்சரிக்கும் விளக்கும் ஒலிப்பானும் இடம்பெறலாயின. அதுவும் போதாதென்று, 1974 ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் இன்னுமொரு படி மேலே சென்றார்கள். முன்னாசனத்தில் இருப்பவர்கள் பட்டியைப் பூட்டினாலன்றி இயந்திரமே இயங்காத பொறிமுறை ஒன்று புகுத்தப்பட்டது. ஆசனத்தின் மீது பாரம் இருக்கிறதா என்பதை மட்டுமே அறியக்கூடிய அப்பொறிமுறைக்கு மனிதர் யார், மளிகைப் பை எது, வளர்ப்பு நாய் எது என்று தெரியவில்லை. கடையிலிருந்து வாங்கி வந்த பொருட்களைப் பக்கத்து ஆசனத்தில் வைத்தவர்கள் கார் இயங்காமல் நடுத்தெருவில் தவித்தார்கள். பட்டி அணிவோர் தொகை உண்மையில் உயர்ந்தது. ஆனால் மக்களின் கோபம் அதைவிட வேகமாக உயர்ந்தது.

அந்தக் கோபம் காங்கிரஸை எட்டியது. 1974 ஒக்டோபரில் ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்ட் கையொப்பமிட்ட சட்டம், இப்பொறிமுறையைக் கட்டாயமாக்குவதைத் தடைசெய்தது. அத்துடன் நில்லாமல், வாகனத்தை இயக்கத் தொடங்கியபின் எட்டு விநாடிக்கு மேல் எச்சரிக்கை ஒலி ஒலிக்க வேண்டுமென எந்த விதியும் கோரலாகாது என்றும் வரையறுத்தது. ஒரு வல்லரசின் சட்டமன்றம் ஒரு மணியின் ஆயுளை விநாடிக் கணக்கில் அளந்து கொடுத்த அபூர்வ நிகழ்வு இது. இந்த வரம்பு 2012 இல் இயற்றப்பட்ட சட்டமொன்றின் மூலம் நீக்கப்படும்வரை, ஏறத்தாழ முப்பத்தெட்டு ஆண்டுகள் நீடித்தது.

இடைக்காலத்தில் வாகன நிறுவனங்கள் சில தாமாகவே ஒரு வழி கண்டன. கட்டாயமான அந்தச் சில விநாடி ஒலி ஓய்ந்த பின்னரும் பட்டி பூட்டப்படாதிருந்தால், இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் நினைவூட்டும் முறையை ஃபோர்ட் நிறுவனம் 2000 ஆம் ஆண்டு மாதிரி வாகனங்களில் அறிமுகப்படுத்தியது. ஆறு விநாடி ஒலி, இருபத்துநான்கு விநாடி ஓய்வு, மறுபடியும் ஒலி என்றவாறு ஏறத்தாழ ஐந்து நிமிடம்வரை அது தொடரும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதி நிறுவகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2002 இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்த நினைவூட்டி இல்லாத ஃபோர்ட் வாகனங்களில் பட்டி அணிந்த சாரதிகள் 71 வீதம், நினைவூட்டி உள்ளவற்றில் 76 வீதம். ஐந்து வீதம் சிறு தொகையாகத் தோன்றலாம். இலட்சக்கணக்கான வாகனங்கள் ஓடும் நாட்டில் அது எத்தனையோ குடும்பங்களின் கணக்கு. அதே நிறுவகம் 2022 முதல் நினைவூட்டிகளுக்குத் தரம் வழங்கத் தொடங்கியபோது, உயர்ந்த தரத்துக்கு 90 விநாடிகளேனும் ஒலிக்க வேண்டும் என்று நிர்ணயித்தது. எட்டு விநாடிக்கும் தொண்ணூறு விநாடிக்கும் இடையிலான தூரமே இந்த மணியின் வரலாறு.

பெரிய வாகனம், பெரிய மயக்கம்

பிக்கப் வாகனம் ஓட்டுவோரிடையே பட்டி அணியும் வழக்கம் கார் ஓட்டுவோரிடையே உள்ளதைவிடக் குறைவு என்பது அமெரிக்காவில் நெடுங்காலமாக அவதானிக்கப்பட்டு வருவதாகும். உயரமான இருக்கை, கனமான சட்டகம், முன்னால் நீண்டு கிடக்கும் இயந்திர மூடி ஆகியன ஓர் அரணுக்குள் அமர்ந்திருக்கும் உணர்வைத் தருகின்றன. இம்மயக்கமே ஆபத்தானது. உயரமான வாகனங்கள் கவிழும் வாய்ப்பு அதிகம். கவிழும் வாகனத்தில் பட்டி அணியாதவர் வெளியே தூக்கி வீசப்படுவதே பெரும்பாலான மரணங்களுக்கு வழிவகுக்கிறது.

அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் கணிப்பு இதனைத் தெளிவாக்குகிறது. காரின் முன்னாசனத்தில் இருப்பவர் பட்டி அணிவதால் மரணமடையும் அபாயம் 45 வீதத்தால் குறைகிறது. பிக்கப் முதலான இலகு டிரக் வாகனங்களிலோ அது 60 வீதத்தால் குறைகிறது. அதாவது, எந்த வாகனத்தில் பட்டி தேவையில்லை என்று எண்ணுகிறோமோ, அந்த வாகனத்தில்தான் அது மிகுதியாகக் காக்கிறது.

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் சுவரில் மோதி நின்றால், உள்ளே இருப்பவரின் உடல் அதே வேகத்தில் முன்னோக்கிச் செல்கிறது. ஏறத்தாழ பத்து மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பானது அது. இருபது மீற்றர் வளர்ந்த பனையின் பாதி உயரத்திலிருந்து விழுகிறவரைக் கைகளால் ஊன்றித் தப்பிக்கொள்ளலாம் என்று எவரும் சொல்லமாட்டார். ஆனால் ஸ்டியரிங் வளையத்தைக் கையால் இறுகப் பிடித்தால் போதும் என்று நம்புவோர் இருக்கிறார்கள்.

ஒரு மாணவரின் வினா

ஒரு காலத்தில் எம்மிடம் பாடங் கேட்ட மாணவர் ஒருவர் இப்போது ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில் குடும்பத்துடன் வாழ்கிறார். வீடுகளுக்கு வர்ணம் பூசுவது அவர் தொழில். பழைய பிக்கப் ஒன்றை வாங்கியிருந்தவர், எம்மைக் கண்டபோது கேட்ட முதல் வினா இதுதான்:

"சேர், இந்தச் சத்தத்துக்கு ஒரு முடிவு கட்ட வேணும். நாள் முழுக்கத் தலைக்குள்ள கேட்டுக்கொண்டிருக்குது. ஒரு ஆள் பூட்டுக்குள்ள செருகிற நாக்கு ஒண்டு தாறன் எண்டு சொல்லுறான். வாங்கட்டோ?"

"பட்டியைப் போட்டால் அது தானாக நிக்குமே, தம்பி. நீர் ஏன் போடுறேல்லை?"

அவர் சற்றுத் தயங்கினார். பின் சட்டையின் கழுத்தை விலக்கி இடது தோளெலும்பைக் காட்டினார். போர்க்காலத்தில் எறிகணைச் சிதறல் பட்ட இடம். கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் தழும்பு தடித்திருந்தது. இடப்புறம் அமர்ந்து ஓட்டும் இந்நாட்டில், சாரதியின் பட்டி சரியாக அந்தத் தழும்பின் மீதே உராய்ந்து செல்கிறது. மாலையில் வீடு திரும்பும்போது அவ்விடம் சிவந்து எரியுமாம். இதை அவர் மனைவியிடமும் சொல்லியிருக்கவில்லை. பின்னாசனத்தில் அமரும் ஏழு வயது மகள், "அப்பா, நீங்கள் மட்டும் ஏன் போடுறேல்லை?" என்று கேட்கும்போதெல்லாம், பக்கத்தில்தானே போகிறோம் என்று சமாளித்து வந்திருக்கிறார்.

அவருக்குத் தேவையாக இருந்தது பட்டி உராயாமல் இருப்பதற்கு ஒரு வழி. அவர் தேடியதோ மணியை நிறுத்த ஒரு வழி. தேவையும் தேடலும் வேறாகிவிட்ட இந்நிலை அவருக்கு மட்டும் உரியதன்று.

செருகும் நாக்கின் விபரீதம்

பட்டியின் நுனியிலுள்ள உலோகத் துண்டை நாக்கு என்றும், அது சென்று பொருந்தும் பகுதியைப் பூட்டு என்றும் சொல்கிறோம். பூட்டினுள்ளே சிறு ஆளி ஒன்று உண்டு. நாக்கு உட்புகுந்ததும் அந்த ஆளி நிலைமாறி, பட்டி அணியப்பட்டுவிட்டது என்று வாகனத்தின் கணினிக்குத் தெரிவிக்கிறது. தனியாக ஒரு நாக்கைச் செருகினால் மணி ஓய்ந்துவிடும்.

ஆனால் அந்தச் செய்தியைக் கேட்பது மணி மட்டுமன்று. பல வாகனங்களில் காற்றுப்பை எப்போது, எவ்வளவு விசையுடன் விரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கணினியும் அதே செய்தியைக் கவனிக்கிறது. பட்டி அணிந்திருக்கிறார் என்று பொய் சொல்லப்பட்ட கணினி, பட்டி அணிந்தவருக்கு உரிய முறையிலேயே காற்றுப்பையை இயக்கும். காற்றுப்பை பட்டிக்குப் பதிலாக வைக்கப்பட்டதன்று. பட்டியால் பிடித்து நிறுத்தப்பட்ட உடலை ஏந்துவதற்கான துணைக்காப்பு அது. பட்டியின்றி முன்னே பாய்கின்ற உடலை அது விரியும் வேகத்திலேயே காயப்படுத்தவும் கூடும்.

இத்தகைய நாக்குகள் உலகெங்கும் விற்பனையாகின. இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரசபை 2023 மே மாதத்தில் ஐந்து பெரிய இணைய வணிக நிறுவனங்களுக்கு இவற்றின் விற்பனையை நீக்குமாறு கட்டளையிட்டது. அமெரிக்கச் சட்டப்படி வாகன விற்பனையாளரோ திருத்துநரோ சட்டம் கோரும் பாதுகாப்பு உபகரணத்தைச் செயலிழக்கச் செய்யலாகாது. உரிமையாளர் தன் கையால் செய்வதை அந்த விதி தடுப்பதில்லை. சட்டம் தடுக்கவில்லை என்பதற்காக அது நன்மையாகிவிடாது.

பியூஸைக் கழற்றுவதும் சிலர் கையாளும் வழி. மணிக்கென்று தனியான பியூஸ் எல்லா வாகனங்களிலும் இருப்பதில்லை. ஒன்றை நிறுத்தப் போய், முகப்புப் பலகையின் வேறு எச்சரிக்கைகளையும் சேர்த்து இழக்க நேரிடலாம்.

பொய் மணியை இனங்காணல்

மணி எப்போதும் மெய்யே பேசுகிறது என்று நாம் வாதிடவில்லை. பட்டி அணிந்த பின்னரும் ஒலிக்கும் மணிகள் உண்டு. அவை திருத்தப்பட வேண்டியவை. பொய்யாக ஒலிக்கும் மணி மெய்யாக ஒலிக்கும்போதும் கவனிக்கப்படுவதில்லை என்பதால், அதைத் திருத்துவதும் பாதுகாப்பின் ஒரு பகுதியே. கீழ்க்கண்ட ஒழுங்கில் தேடுவது பயன்தரும்.

முதலாவதாக, மணி ஒலிக்கும்போது முகப்புப் பலகையில் எந்த விளக்கு எரிகிறது என்று பாருங்கள். ஆசனப்பட்டியின் மீது பழி போட்டுக்கொண்டிருக்க, உண்மையில் எரிவது கதவு விளக்காக இருக்கலாம். பிக்கப் வாகனங்களின் கதவுப் பூட்டில் தூசியும் குளிர்காலத்தில் வீதியில் கொட்டப்படும் உப்பும் சேர்வதால், சாத்திய கதவைத் திறந்ததாகக் கருதும் கோளாறு ஏற்படுகிறது. பூட்டைத் துப்புரவாக்கி உரிய உயவுநெய்யிட்டாலே பல வேளைகளில் இது தீர்ந்துவிடும்.

இரண்டாவதாக, பக்கத்து ஆசனத்தைப் பாருங்கள். அங்கே பாரத்தை உணரும் கருவி உண்டு. ஆயுதப் பெட்டியோ, வர்ணத் தகரமோ, மதிய உணவுப் பையோ போதிய பாரமாக இருந்தால், அங்கே ஒருவர் பட்டியின்றி அமர்ந்திருப்பதாகவே வாகனம் எண்ணும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் மளிகைப் பையைக் கண்டு ஏமாந்த பொறிமுறையின் வழித்தோன்றல் இன்னும் முற்றாகத் திருந்தவில்லை. பொருட்களைக் கீழே தரையிலோ பின்புறத்திலோ வையுங்கள். மோதல் நேர்ந்தால் ஆசனத்தில் இருக்கும் பெட்டி பறந்து வரும் என்பதாலும் இது நல்லது. எமது மாணவரின் வாகனத்தில் ஒலித்த மணிகளில் ஒரு பகுதி, பக்கத்து ஆசனத்தில் நிரந்தரமாகக் குடியிருந்த தூரிகைப் பெட்டிக்காகவே ஒலித்தது.

மூன்றாவதாக, பூட்டின் உள்ளே பாருங்கள். நாணயம், பாண் துகள், சிந்திய இனிப்புப் பானம் ஆகியன உள்ளே சென்றால் ஆளி ஒட்டிக்கொள்ளும். தூசி உறிஞ்சியால் துப்புரவாக்கலாம். எண்ணெய் ஊற்றக் கூடாது. பூட்டே பழுதாயின் முழுமையாக மாற்றுவதே முறை.

நான்காவதாக, ஆசனத்தின் கீழுள்ள கம்பிகள். ஆசனத்தை முன்னும் பின்னும் தள்ளும்போது ஒலி மாறினால், அங்குள்ள இணைப்புத் தளர்ந்திருக்கலாம். அங்கே காற்றுப்பைக்கான கம்பிகளும் செல்வதுண்டு. எனவே அப்பகுதியில் கைவைக்காமல் பயிற்சி பெற்ற திருத்துநரிடம் ஒப்படையுங்கள்.

இவற்றுக்கப்பால், தோட்டத்துக்குள்ளும் கட்டட வளவுக்குள்ளும் மெதுவாக ஊர்ந்து வேலை செய்வோரின் வசதி கருதி, தொடர் நினைவூட்டியை நிறுத்தும் முறையைச் சில நிறுவனங்கள் தமது கைநூலிலேயே தந்துள்ளன. அவ்வாறு நிறுத்தினாலும் தொடக்கத்தில் ஒலிக்கும் சட்டரீதியான சில விநாடி ஒலி நீடிக்கும். இத்தகைய தேவை உள்ளவர் பூட்டில் அந்நியப் பொருள் செருகாமல் கைநூல் காட்டும் வழியிலேயே செல்ல வேண்டும். வளவை விட்டு வீதிக்கு வரும்போது அந்த வசதிக்கு நியாயமில்லை என்பதையும் மறக்கலாகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆசனப்பட்டியைக் கட்டாயமாக்கிய முதலாவது ஆட்சிப்பகுதி அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலம், 1970 இல். கனடாவில் முதலாவது ஒன்ராறியோ, 1976 ஜனவரியில். அமெரிக்க மாநிலங்களில் முதலாவது நியூயோர்க், 1984 இல். இலங்கையில் முன்னாசனத்தில் இருப்போருக்கு இது 2011 இலேயே கட்டாயமாயிற்று. எம்மவரில் மூத்தோர் பலர் பட்டி என்ற பழக்கத்தைப் புலம்பெயர்ந்த பின்னரே கற்றார்கள் என்பதற்கு இதுவே காரணம்.

ஒன்ராறியோவில் பட்டி அணியாத குற்றத்துக்கு 200 முதல் 1,000 டொலர்வரை தண்டமும், சாரதி அனுமதிப்பத்திரத்தில் இரண்டு குறைப்புப் புள்ளிகளும் விதிக்கப்படலாம். பதினாறு வயதுக்குட்பட்ட பயணி அணியாவிட்டால் பொறுப்பு சாரதியுடையது. அதே சட்டம் விதிவிலக்குகளும் தருகிறது. அடிக்கடி இறங்கி ஏற வேண்டிய தொழிலில் ஈடுபட்டிருப்பவர், அவ்வேலையின்போது மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேற்படாமல் ஓட்டினால், பட்டி அணிய வேண்டியதில்லை. உடல்நிலை காரணமாக அணிய இயலாதவர் வைத்தியரின் சான்றிதழுடன் விலக்குப் பெறலாம். ஆகவே மெய்யான இடர் உள்ளவர் ஒளித்துச் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. சட்டத்தின் முன்வாசலாலேயே செல்லலாம்.

ஆயினும் விலக்கைக் கேட்குமுன் முயலக்கூடியவை உள. பல பிக்கப் வாகனங்களில், கதவோரத் தூணில் பட்டி தொங்கும் வளையத்தை மேலும் கீழும் நகர்த்தும் வசதி உண்டு. அதைப் பலர் ஒருமுறையேனும் தொட்டதில்லை. பட்டி கழுத்தை ஒட்டிச் செல்லாமல், தோளின் நடுவாலும் மார்பின் நடுவாலும் செல்ல வேண்டும். எமது மாணவர் அந்த வளையத்தை இரண்டு படிகள் கீழிறக்கினார். ஆசனத்தையும் சற்றுப் பின்தள்ளி உயர்த்தினார். பட்டி தழும்பை விட்டு இரண்டு விரற்கடை விலகியது. எஞ்சிய வலிக்காக, இத்தனை ஆண்டுகளில் முதற் தடவையாக வைத்தியரிடம் அந்தத் தழும்பைக் காட்டினார். அவருக்குச் சான்றிதழ் தேவைப்படவில்லை. செருகும் நாக்கும் தேவைப்படவில்லை.

எம்மவர் எத்தனையோ வலிகளை வெளியே சொல்லாமல் பழகியவர்கள். சொல்லாத வலி வேறொரு வடிவத்தில் வெளிவரும். தோளில் உள்ள வலி மணியின் மீதான எரிச்சலாக வந்தது. நேரமின்மை, அதிக வேலைப்பளு, இறங்கி ஏறும் அலுப்பு, பெரிய வாகனம் காக்கும் என்ற நம்பிக்கை ஆகிய யாவும் இவ்வாறே மணியின் மீது பழியாக வந்து விழுகின்றன. மணி ஒரு வினாவை மட்டுமே கேட்கிறது: ஏன் இன்னும் பூட்டவில்லை? அந்த வினாவுக்கு நேர்மையான விடை என்னவென்று தேடி, அந்த விடையைத் திருத்துவதே அறிவுடைமை.

இரண்டு விநாடியில் பட்டியைப் பூட்டலாம். சட்டமே ஒரு காலத்தில் எட்டு விநாடி தந்தது. மாலையில் வாகனம் வந்து நிற்கும் ஒலிக்காக வீட்டிலே காத்திருப்பவர்கள் உளர். அவர்களை எண்ணி அந்த இரண்டு விநாடியைச் செலவிடுவோமாக.